தீ எட்டாத மாடிகளில் இறந்தவர்கள்: எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டல், 1980

1980 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டலில் அன்று காலை பிடித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். தீ எரிந்தது கீழே, சூதாட்டக்கூடம் இருந்த தளத்தில். இறந்தவர்களில் 61 பேர் மேலே, விருந்தினர் தங்கியிருந்த கோபுரத்தில் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபதாம் மாடியிலும் அதற்கு மேலும் இருந்தவர்கள். அந்த மாடிகளுக்குத் தீ ஏறவே இல்லை.

கட்டடங்களில் மின்பணி மேற்பார்வை பார்த்து முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். வேலை நிமித்தமாக ஊர் ஊராக விடுதிகளில் தங்கியவனும்கூட. இந்த ஒரு விபத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தங்கும் அறையில் நமக்குச் சுகமாகப் படுகிற ஒவ்வொன்றும் கட்டடத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைப் போல அப்பட்டமாகக் காட்டும் நிகழ்வு வேறொன்றை நான் அறியவில்லை. ஓட்டலைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வெந்நீர் வந்ததா, விரிப்பு வெளுத்திருந்ததா, ஏ.சி. நன்றாகக் குளிர்ந்ததா, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தாரா என்பதுதான். எம்.ஜி.எம். கிராண்டில் தங்கியவர்களைக் கேட்டிருந்தால் நவம்பர் 20 இரவுவரை இவை எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள்.

இடம்

கிர்க் கெர்கோரியன் என்ற தொழிலதிபர் கட்டிய ஓட்டல் அது. 1973 டிசம்பரில் திறக்கப்பட்டபோது உலகின் மிகப் பெரிய ஓட்டல்களில் ஒன்று. 26 மாடி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். கீழே பரந்து விரிந்த சூதாட்டக்கூடம், உணவகங்கள், அரங்குகள், கடைத்தெரு. அதன் மேல் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் மூன்று சிறகுகளாக எழுந்த கோபுரம். விபத்தன்று கட்டடத்துக்குள் சுமார் 5,000 பேர் இருந்தார்கள்.

ஸ்பிரிங்ளர் எனப்படும் தண்ணீர்த் தெளிப்பான்கள் அங்கே அறவே இல்லாமல் இல்லை. கடைத்தெரு, அரங்குகள், மாநாட்டுக் கூடம் போன்ற சில பகுதிகளில் பொருத்தியிருந்தார்கள். சூதாட்டக்கூடத்திலும் அதை ஒட்டிய ‘டெலி’ என்ற உணவகத்திலும் இல்லை. அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், தீப்பிடித்தால் யாராவது உடனே பார்த்துவிடுவார்கள் என்று சொல்லி விலக்கு வாங்கியிருந்தார்கள். கட்டும்போது அந்த வாதம் எடுபட்டது. பின்னாளில் டெலியை இரவில் மூடத் தொடங்கினார்கள். விலக்குக்குக் காட்டிய காரணம் போய்விட்டது. விலக்கு மட்டும் நிலைத்துவிட்டது. கட்டடத்தின் பயன்பாடு மாறினால் பாதுகாப்பு ஏற்பாட்டையும் மறுபடி பார்க்கவேண்டும் என்று அந்த ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த விபத்தில் என் மனம் முதலில் தடுக்கி நிற்பது இங்கேதான்.

பண்டம் வைக்கும் பெட்டி

டெலிக்குள் ‘பை’ என்கிற இனிப்புப் பண்டங்களைக் காட்சிக்கு வைக்கும் குளிர்பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் கொண்டுவந்த கம்பிகள், வளையக்கூடிய அலுமினியக் குழாய் ஒன்றுக்குள் சுவர் மறைப்பின் உள்ளே ஓடின. பக்கத்திலேயே குளிர்வாயு போகும் செம்புக் குழாய். காம்பிரசர் ஓடும்போதெல்லாம் இரண்டும் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசின. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்; மின்பணியில் இருக்கும் எவரும் இதை அனுபவத்தில் அறிவார். ஆண்டுக்கணக்கில் உரசி, அரித்து, உள்ளே இருந்த கம்பியின் காப்புறை தேய்ந்தது. எர்த் இணைப்பு ஒழுங்காக இருந்திருந்தால் மின்சாரம் கசிந்த கணத்தில் பிரேக்கர் விழுந்து கதை அங்கேயே முடிந்திருக்கும். எர்த் சரியில்லை. கசிந்த மின்சாரம் சுவருக்குள் சூடேற்றிக்கொண்டே இருந்தது. இரவெல்லாம் உள்ளே புகைந்ததைப் பார்க்க அந்த அறையில் ஆளில்லை.

காலை ஏழு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில், தரைக்கற்கள் பதிக்கும் பணியைப் பார்வையிட டெலிக்குள் போன ஒரு தொழிலாளி, சுவரில் வெளிச்சம் அசைவதைக் கண்டார். எட்டிப் பார்த்தபோது அது தீ. அவர் காவலர்களிடம் சொல்லியனுப்பினார். தீயணைப்பு நிலையம் சாலையின் எதிர்ப்புறத்திலேயே இருந்ததால் வீரர்கள் சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். அவர்கள் சூதாட்டக்கூடத்துக்குள் நுழையும்போதே தீ டெலியை விட்டு வெடித்து வெளியே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தீ பரவியது என்று சொன்னால் போதாது. கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது உருண்டு வந்தது. நொடிக்கு 15 முதல் 19 அடி வேகம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆரோக்கியமான ஆள் விழுந்தடித்து ஓடினால்தான் தப்பலாம். சுவர்த்தாள், அதை ஒட்டிய பசை, பிளாஸ்டிக் அலங்காரங்கள், நுரைமெத்தை இருக்கைகள், கூரை மறைப்புக்குள் ஓடிய பி.வி.சி. குழாய்கள் என்று எரிய எல்லாமே தயாராக இருந்தன. கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து ஏறக்குறைய ஆறு நிமிடங்களில் கூடம் முழுவதும் எரிந்து, முன்வாசல் கதவுகளைத் தாண்டி நெருப்பு வெளியே வந்துவிட்டது.

புகை ஏறிய வழிகள்

கீழே எரிந்ததைத் தீயணைப்பு வீரர்கள் நீண்ட நேரம் எரியவிடவில்லை. கூடத்தைச் சீக்கிரமே அடக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் கோபுரத்துக்குள் புகை போய்ச் சேர்ந்திருந்தது. போன வழிகள்தான் இந்த விபத்தைப் புரிந்துகொள்ள உயிர்நாடி.

முதல் வழி லிஃப்ட் குழிகள். உயரமான கட்டடத்தில் கீழிருந்து மேல்வரை நேராக நிற்கும் குழி, அடியில் சூடான காற்று புகுந்தால் அடுப்புப் புகைபோக்கியாகவே மாறிவிடும். அடுத்தது நிலநடுக்க இடைவெளிகள். கோபுரத்தின் சிறகுகள் நடுங்கும்போது ஒன்றை ஒன்று இடிக்காமல் இருக்க அவற்றுக்கு நடுவே கீழிருந்து உச்சிவரை இடைவெளி விட்டிருந்தார்கள். கட்டுமான நோக்கில் அவசியமான ஏற்பாடு. அதைத் தளத்துக்குத் தளம் தீத்தடுப்புப் பொருள் கொண்டு அடைக்கவில்லை. படிக்கட்டுக் கூண்டுகளின் சுவரிலும் ஓட்டைகள் இருந்தன. தப்பிக்கும் வழி புகைவழியாகிவிட்டது.

நான்காவது வழிதான் என்னை அதிகம் உறுத்துவது: ஏ.சி. குழாய்கள். அறையைக் குளிர்விக்கும் காற்றைச் சுமந்து போகும் அந்தக் குழாய்களில், தீயோ புகையோ வந்தால் தாமாக மூடிக்கொள்ளவேண்டிய தடுப்புத் தகடுகள் உண்டு. டேம்பர் என்போம். பல டேம்பர்கள் சரியாக மூடவில்லை. காற்று அனுப்பும் இயந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. விருந்தினர் தூங்க வசதியாக ஓசையில்லாமல் குளிர்காற்று வந்த அதே துளை வழியாக, ஓசையில்லாமல் கார்பன் மோனாக்சைடு வந்தது. அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. எழுந்திருக்காமலே இறந்தவர்கள் உண்டு.

சூடான புகை மேலே போய்த் தேங்கும். உச்சியில் முட்டி, அங்கிருந்து கீழ்நோக்கி நிரம்பத் தொடங்கும். அதனால்தான் தீக்கு மிக அருகே இருந்த கீழ் மாடிகளைவிட, மிகத் தொலைவிலிருந்த உச்சி மாடிகளில் சாவு அதிகம். ‘மேல் மாடி கொடுங்கள், சத்தமில்லாமல் இருக்கும், காட்சி நன்றாக இருக்கும்’ என்று கேட்டு வாங்கியவர்கள் அங்கே தங்கியிருந்திருப்பார்கள். நானும் அப்படிக் கேட்டு வாங்குகிறவன்தான்.

கோபுரத்தில் இறந்த 61 பேர் எங்கே கிடந்தார்கள் என்று அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வு குறித்து வைத்திருக்கிறது. அறைகளுக்குள் 25 பேர். நடைக்கூடங்களில் 22 பேர். படிக்கட்டுகளில் 9 பேர். லிஃப்டுகளில் 5 பேர். இந்த நான்கு எண்களையும் ஒரு விருந்தினரின் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள். இருந்த இடத்திலேயே இருந்தவர்களும் இறந்தார்கள், வெளியேற முயன்றவர்களும் இறந்தார்கள். இதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று விருந்தினரைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. கட்டடம் அவர்களுக்கு எந்த வழியையும் மிச்சம் வைக்கவில்லை.

விருந்தினர் என்ன செய்தார்கள்

விருந்தினரை எழுப்ப அபாய மணி ஒலிக்கவில்லை. தீ அதிவேகமாகப் பரவியதில் எச்சரிக்கை அமைப்பு பயன்படாமலே போனது. பிழைத்தவர்களிடம் பிறகு விரிவாகக் கேள்விகள் கேட்டு ஆராய்ந்தவர் மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பிரையன். நடைக்கூடத்தில் யாரோ கத்தும் குரல், பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவது, வெளியே சைரன், ஹெலிகாப்டர் இரைச்சல், மூக்கில் ஏறிய புகை: இப்படித்தான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. விருந்தினரை விருந்தினரே எழுப்பினார்கள்.

இந்த இடத்தில் சேவை என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தலையணை ஒன்று கூடுதலாகக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வந்து சேர்வதைச் சேவை என்கிறோம். சரிதான். ஆனால் கதவைத் தட்டி ‘எழுந்திருங்கள், கட்டடத்தில் தீ’ என்று சொல்வதும் சேவைதான். அதற்கும் மாடிக்கு ஓர் ஆளை முன்கூட்டியே நியமித்து, பழக்கி, மாதாமாதம் செய்து பார்க்கவேண்டும். அறை வாடகையில் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

பலர் துண்டுகளை நனைத்துக் கதவிடுக்கில் அடைத்தார்கள். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டார்கள். தனியாக இருந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களின் அறைகளில் போய்க் கூட்டமாகச் சேர்ந்தார்கள். இந்தக் கூட்டங்களைப் பிரையன் தனியாகக் கவனித்து எழுதினார். பீதியில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடந்தது அதற்கு நேர்மாறு. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நாற்காலியை வீசி ஜன்னல் கண்ணாடியை உடைத்தவர்களும் உண்டு. மூச்சுவிடக் காற்று கிடைத்தது உண்மை. ஆனால் வெளிச்சுவரை ஒட்டி எழும்பும் புகை உடைந்த ஜன்னல் வழியே உள்ளே புகுந்தால் திரும்ப மூட முடியாது. கீழே வேலை செய்த தீயணைப்பு வீரர்கள் மேல் கண்ணாடித் துண்டுகளும் விழுந்தன.

படிக்கட்டில் இறங்கியவர்களுக்கு நேர்ந்தது வேறு. படிக்கட்டுக் கதவுகள் நடைக்கூடத்திலிருந்து தள்ளினால் திறக்கும்; உள்ளே போனபின் தாமாகப் பூட்டிக்கொள்ளும். திருட்டுப் பயம்தான் காரணம், வெளியாள் மாடிகளுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பது. சில மாடிகள் இறங்கிய பிறகு எதிரே புகை வந்தால் எந்த மாடிக்குள்ளும் திரும்ப முடியாது. ஒன்று புகைக்குள் இறங்கவேண்டும், அல்லது மொட்டைமாடிவரை ஏறவேண்டும். ஏறியவர்களில் சுமார் 300 பேரை ஹெலிகாப்டர்கள் தூக்கி இறக்கின. அருகிலிருந்த நெல்லிஸ் விமானப்படைத் தளத்திலிருந்தும் ஹெலிகாப்டர்கள் வந்தன. உச்சி மாடிகளுக்குத் தீயணைப்பு ஏணிகள் எட்டவில்லை.

கணக்கு

விடுபட்ட பகுதிகளுக்கு ஸ்பிரிங்ளர் பொருத்த ஆகியிருக்கும் செலவு 1,92,000 டாலர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்குகளில் கொடுத்த தொகை சுமார் 22 கோடி டாலர். பணத்தை வைத்து உயிரை அளக்கக் கூடாது. ஆனால் ‘செலவு அதிகம்’ என்று விலக்குக் கேட்கும் ஒவ்வொரு கட்டட உரிமையாளருக்கும் இந்த இரண்டு தொகைகளையும் நான் சொல்லிவந்திருக்கிறேன்.

ஸ்பிரிங்ளர் பற்றித் தவறான எண்ணம் ஒன்று நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஒரு மூலையில் புகைந்தால் கட்டடம் முழுக்கத் தண்ணீர் கொட்டி எல்லாம் பாழாகிவிடும் என்பார்கள். அப்படி நடப்பதில்லை. கூரையில் நீங்கள் பார்க்கும் முனையில் சுண்டுவிரலைவிடச் சிறிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். உள்ளே சிவப்புத் திரவம் என்றால் சுமார் 68 டிகிரி செல்சியஸில் அது விரிந்து கண்ணாடி உடையும். அந்த ஒரு முனை மட்டும் திறக்கும். டெலியின் கூரையில் அப்படிச் சில முனைகள் இருந்திருந்தால் நனைந்த சுவரும் ஈரமான தரையுமாகத் தீ அந்த அறைக்குள்ளேயே நின்றிருக்கும் என்பதே தீப்பாதுகாப்புத் துறையினரின் பொதுவான கணிப்பு.

எம்.ஜி.எம். கிராண்ட் விபத்து நடந்து எண்பத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. 1981 பிப்ரவரி 10 அன்று அதே நகரில் லாஸ் வேகாஸ் ஹில்டன் ஓட்டலில் தீ. அங்கே அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எட்டாம் மாடி லிஃப்ட் முன்கூடத்தில் தொடங்கி, வெளிச்சுவர் ஜன்னல்கள் வழியாக மாடிக்கு மாடி தாவி ஏறியது. 8 பேர் இறந்தார்கள். முதல் விபத்துக்குப் பிறகு தயங்கியவர்களின் வாயை இரண்டாவது அடைத்தது. 55 அடிக்கு மேல் உயரமுள்ள ஓட்டல்களில், ஏற்கெனவே கட்டி முடித்தவை உட்பட, ஸ்பிரிங்ளர் கட்டாயம் என்று நெவாடா மாநிலம் அதே ஆண்டு சட்டம் இயற்றியது. பழைய கட்டடத்துக்கும் புதிய விதி பொருந்தும் என்றதுதான் இதில் பெரிய காரியம். எம்.ஜி.எம். கிராண்ட் 1981 ஜூலையில் மறுபடி திறந்தது. 1990-இல் அமெரிக்க மத்திய அரசு இன்னொன்று செய்தது: அரசு ஊழியர்கள் அலுவல் பயணத்தில் தங்கும் ஓட்டல்களில் அறைதோறும் புகை உணர்கருவி, மூன்று மாடிக்கு மேற்பட்டால் ஸ்பிரிங்ளர் இருக்கவேண்டும் என்று சட்டம். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத ஓட்டல்கள் தாமாகவே மாறின.

நம் பக்கத்தில்

2019 பிப்ரவரியில் தில்லி கரோல்பாக் பகுதி ஓட்டல் ஒன்றில் விடிகாலைத் தீயில் 17 பேர் இறந்தார்கள். நடைக்கூடச் சுவர்களில் அழகுக்காக மரப்பலகை பதித்திருந்தார்கள். 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவின் மெச்சுவா பகுதி ஓட்டலில் 14 பேர் இறந்தார்கள். அங்கேயும் பெரும்பாலோரைக் கொன்றது புகைதான். ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன, ஒரு படிக்கட்டு பயன்படாமல் கிடந்தது, தீயணைப்புத் துறை உரிமம் காலாவதியாகியிருந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போன ஒரு குடும்பத்தின் தாத்தாவும் இரண்டு பேரக்குழந்தைகளும் உண்டு. பெற்றோர் அந்த நேரம் வெளியே போயிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே வேறொரு கண்டத்தில் எழுதிவைத்த அறிக்கையில் இருந்த காரணங்கள் இவை.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத் தென் மாவட்ட நகரம் ஒன்றில் தங்கவேண்டியிருந்தது. நல்ல விடுதி. வெள்ளை விரிப்பு, புது ஏ.சி., குழாயைத் திறந்ததும் வெந்நீர், கேட்பதற்கு முன்பே காபி. எனக்கு மூன்றாம் மாடி. பெட்டியை வைத்ததும் வழக்கம்போல அறைக்கதவிலிருந்து இரண்டாவது படிக்கட்டுவரை சுவரைத் தொட்டபடி நடந்தேன். புகையில் கண் தெரியாது, கைதான் வழி சொல்லவேண்டும். ஐந்து கதவுகளைக் கடந்தால் படிக்கட்டு. அந்தக் கதவில் பூட்டு. கதவிடுக்கு வழியே பார்த்தால் படிகளில் பழைய மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள்.

வரவேற்பு மேசையில் மேலாளரிடம் சொன்னேன். மரியாதையான மனிதர். “இரவில் அந்த வழியாக இறங்கி, வாடகை கொடுக்காமல் போய்விடுகிறார்கள் சார். அதனால்தான் பூட்டிவைத்திருக்கிறோம். அவசரம் என்றால் நாங்கள் வந்து திறந்துவிடுவோம்” என்றார்.

“அவசரத்தில் நீங்கள் கீழே இருப்பீர்கள், நான் மேலே இருப்பேன். நடுவில் புகை இருக்கும் ஐயா” என்றேன். எம்.ஜி.எம். கிராண்ட் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாவியைக் கொடுத்து ஒரு பையனை என்னோடு அனுப்பினார்.

பூட்டைத் திறந்தோம். மெத்தைகள் பதினொன்று. இரண்டு பேருமாக இழுத்து எதிரிலிருந்த காலி அறைக்குள் போட்டோம். நுரைமெத்தைகள், எரிந்தால் என்ன புகை வரும் என்று அந்தப் பையனுக்குச் சொன்னேன். “எனக்கு யாரும் சொல்லவில்லை சார்” என்றான். உண்மைதான், அவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள். கைவிளக்கை அடித்துக்கொண்டு இருவரும் படியிறங்கினோம். மூன்று மாடியும் இறங்கினால் ஜெனரேட்டர் அறையை ஒட்டிய சந்தில் போய் முடியும் என்றான்.

கீழ்க்கதவிலும் பூட்டு இருந்தது. துருப்பிடித்த பெரிய பூட்டு. கையிலிருந்த சாவியைப் போட்டுப் பார்த்தான், பொருந்தவில்லை. “இதன் சாவி யாரிடம் இருக்கிறது தம்பி?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. மேலே போய் மேலாளரிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. ஆசாரியை வரவழைத்துப் பூட்டை அறுக்க அன்றிரவு பத்தேகால் ஆயிற்று. அதுவரை நான் வரவேற்பு மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.